கடைசிக்குத் தள்ளிய பெயர்

வரிசையில் முதலில் நிற்பவருக்கு எண் பூஜ்யம். மன்னார்புரத்தில் ஞாயிற்றுக்கிழமை கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்ந்தபோது அனுபமா முதலில் கற்றுக்கொண்டது இதுதான். பெயர்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டங்களில் வைத்துக்கொள்ளும் அந்த வரிசைக்கு அரே என்று பெயர். சொல்லிக்கொடுத்த ஹாலித் அவளைவிடச் சின்னவன். பலகையில் கட்டங்களை வரைந்துவிட்டு, கையில் ஒட்டிய மையைப் பேண்ட்டில் துடைத்துக்கொள்வான்.

"அக்கா, அரேயில மொத்தமே நாலு வேலைதான். சேக்கிறது, எடுக்கிறது, தேடுறது, ஆரம்பத்துலேருந்து கடைசி வரைக்கும் ஒரு நடை நடந்து பாக்கிறது. மிச்சமெல்லாம் இதுங்களோட புள்ளைங்க."

எடுக்கும் பாடம் வரைக்கும் அவள் போனாள். அடுத்த ஞாயிறு, பஸ் காவிரிப் பாலத்தில் ஏறும்போது டீசல் வாடை குடலைப் புரட்டியது. இறங்கி, பாலத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கீழே ஆற்றில் மணல்தான் அதிகம் இருந்தது. நாள் தள்ளிப்போயிருப்பது அங்கே நிற்கும்போதுதான் நினைவுக்கு வந்தது. சந்தோஷமா பயமா என்று தனக்குள் தேடிப் பார்த்தாள். இரண்டுமே இல்லை. திரும்பி நடந்து ஸ்ரீரங்கத்து வீட்டுக்கே போய்விட்டாள். அதன்பிறகு வகுப்புக்குப் போகவில்லை.

கற்ற அளவு அவளுடைய வேலைக்குப் போதுமானதாக இருந்தது. தில்லைநகரில் ஒரு ஸ்கேன் சென்டரின் முன்மேஜையில் அவள் உட்கார்ந்திருந்தாள். முன்பெல்லாம் உதவியாளர் தமிழ்மணி கதவைத் திறந்து பெயரைக் கத்துவாள். அவள் கத்தினால் எதிர் மருந்துக்கடையில் நிற்பவர்கூட ஒருமுறை திரும்பிப் பார்ப்பார். அனுபமா வரிசைக்கு ஒரு கம்ப்யூட்டர் நிரல் எழுதினாள். வந்தவரின் பெயர் கடைசியில் சேரும். டாக்டர் உள்ளே பொத்தானை அழுத்தினால் பூஜ்யத்தில் இருக்கும் பெயர் டிவியில் பெரிதாக வரும், ஒரு பெண்குரல் அதைப் படிக்கும், ஆள் உள்ளே வந்ததும் இன்னொரு முறை அழுத்தினால் அந்தப் பெயர் போய்விடும். மற்றவர்கள் ஓர் இடம் முன்னால் நகர்வார்கள். மேனேஜர் நஸ்ருல்லா அந்த டிவியின் கீழேயே கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்.

"பெரிய ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும்மா" என்றார்.

"என் தொண்டைக்கு ரிட்டயர்மெண்ட் குடுத்துட்டீங்க" என்றாள் தமிழ்மணி.

பிறகுதான் ராகு காலப் பிரச்சினை வந்தது. கிட்னியில் கல், வயிற்று வலி என்று வருகிறவர்கள் நேரம் பார்ப்பதில்லை. பிள்ளை உண்டாகியிருப்பவர்கள் பார்த்தார்கள். அவர்கள் பார்க்காவிட்டாலும் கூட வந்தவர்கள் பார்த்தார்கள். டிவியில் பெயர் வந்த பிறகு, "இப்ப வேண்டாங்க, ராகு காலம் போவட்டும்" என்று எழுந்திருக்க மறுப்பார்கள். டாக்டர் உள்ளே சும்மா உட்கார்ந்திருப்பார். அதனால் அனுபமா பெயருக்குப் பக்கத்தில் 'ரா' என்று ஒரு குறி வைத்தாள். பெயர் பதியும்போதே கேட்டுப் போட்டுவிட வேண்டும். ராகு காலம் தொடங்கும் நிமிஷத்தில் நிரல் வரிசையின் ஆரம்பத்திலிருந்து நடந்து வரும். குறி உள்ள பெயர் எதிர்ப்பட்டால் எடுத்துத் தனியே வைத்துக்கொள்ளும். நடந்து முடித்தபின், தனியே வைத்தவற்றைக் கடைசியில் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

முதலில் ஓட்டியபோது அது பாதியில் நின்று பிழை காட்டியது. ஆட்கள் குறைந்த பிறகும் பழைய நீளத்துக்கு நடக்கப் பார்த்து, இல்லாத இடத்தில் கால் வைத்திருந்தது. ஒவ்வொரு அடியிலும் நீளத்தைப் புதிதாக அளந்துகொள்ளும்படி மாற்றினாள். பிழைச் செய்தி வரவில்லை. செய்தி வராததால் பிழையும் இல்லை என்று எடுத்துக்கொண்டாள்.

அவள் உடம்பைப் பற்றியும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருந்தாள். வலி இல்லை, ரத்தம் இல்லை. செய்தி ஒன்றும் இல்லை.

போன வருஷமும் இப்படித்தான் செய்தி எதுவும் இல்லாமல் இருந்தது. வேறொரு இடத்தில், வேறொரு டாக்டர் கருவியை வயிற்றில் வைத்து, ஊர் எது, எந்தத் தெரு என்றெல்லாம் பேசிக்கொண்டிருந்தார். பிறகு பேச்சு நின்றது. பொத்தான்களைத் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. திரையை அவர் கடைசிவரை அவள் பக்கம் திருப்பவில்லை. அன்றிலிருந்து வீட்டில் எல்லோரும் அவள் அழுவாள் என்று காத்திருந்தார்கள். அவளும் காத்திருந்தாள். வரவில்லை. சாப்பாட்டில் உப்பு குறைந்தால் தெரிந்தது. வெயில் அடித்தால் தெரிந்தது. அதற்கு உள்ளே ஏதோ ஓர் அறையில் விளக்கு அணைந்திருந்தது. யாரும் போய்ப் போடவில்லை.

அப்போது பேச்சு நின்ற அதே வாரம் இந்த முறையும் வந்து கடந்துவிட்டது. கணவன் ஸ்ரீரங்கராஜன் தினமும் காலையில் ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் கேட்பான்.

"இன்னிக்காவது பாத்துடுவியா?"

"பேர் போடறேன்."

"போட்டுட்டு?"

"கூப்பிட்டா போறேன்."

அவள் பொய் சொல்லவில்லை. தினமும் பெயர் போட்டாள். அந்தப் பெயர் மேலே ஏறி மேலே ஏறி பூஜ்யத்துக்கு அருகில் வரும்போது, அதை எடுத்துக் கடைசியில் சேர்த்தாள். எடுப்பது, சேர்ப்பது, இரண்டே வேலை. மறுபடி ஏறி வந்தால் மறுபடியும். கடைசியில் டாக்டர் பெலிண்டா பையை மாட்டிக்கொண்டு வேறு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுவார். வரிசையில் ஒரே ஒரு பெயர் மிச்சம் இருக்கும்.

"உன் பேரைத்தான் தினம் பாக்குறேன். ஆளைக் காணோமே" என்பார் டாக்டர், போகிறபோக்கில்.

"நாளைக்கு டாக்டர்."

அந்த வெள்ளிக்கிழமை அவள் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தபோது, சென்டர் வாசலில் இரண்டு பெண்கள் காத்திருந்தார்கள். ஒருத்தி இளையவள். பெரியவள் அவளுடைய மாமியார் என்பது, இளையவளிடம் கேட்ட கேள்விகளுக்குத் தானே பதில் சொன்ன விதத்திலேயே தெரிந்தது.

"பேருங்க?"

"ஆனந்தவள்ளி" என்றாள் மாமியார். "நான் பொன்னுத்தாய். சமயபுரத்துக்கு அந்தாண்ட எங்க ஊரு. மொத பஸ்ஸு."

"எத்தனாவது மாசங்க?"

"மூணு முடியப் போவுது."

"தண்ணி நிறைய குடிச்சுட்டு இருக்கணுங்க. அப்பதான் ஸ்கேன்ல நல்லா தெரியும்."

"பஸ்ஸுலயே ஒரு பாட்டில் முடிச்சுட்டேங்க" என்று ஆனந்தவள்ளி முதன்முறையாகத் தானே பேசினாள். "டாக்டரம்மா வந்துட்டாங்களா?"

"பத்து மணிக்கு வருவாங்க."

"பத்தரைக்குள்ள முடிஞ்சா பாருங்க" என்றாள் பொன்னுத்தாய். "வெள்ளிக்கெழம பத்தரைலேருந்து பன்னெண்டு ராகு காலம். அப்புறம் பன்னெண்டுக்கு மேலதான்."

"அத்தே, அவ்ளோ நேரம் தாங்காது."

"தாங்கும். பத்து மாசம் சொமக்கப் போறவ, ஒரு பாட்டில் தண்ணியச் சொமக்க மாட்டியா?"

அனுபமா ஆனந்தவள்ளியின் பெயரைப் பதிந்து 'ரா' போட்டாள். அது பூஜ்யத்தில் உட்கார்ந்தது. அடுத்துத் தன் பெயரைப் போட்டாள். அது இரண்டாவதாகப் போனது. குறிக்கான கட்டத்தில் கை நின்றது. வெள்ளிக்கிழமை. காரணம் தானாகவே வந்து நிற்கிறது. வீட்டில் தன் மாமியார் கமலவல்லி கேட்டால்கூட, ராகு காலத்தில் வேண்டாமே என்று இருந்துவிட்டேன் என்று சொல்லலாம்; அவள் தலையாட்டுவாள், பெருமாள் பார்த்துக்கொள்வார் என்பாள். தன் பெயருக்கும் 'ரா' போட்டாள். பன்னிரண்டுக்கு மேல் என்ன செய்வது என்று அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்து வந்தவன் பிரவீன்ராஜ் என்ற இளைஞன். விலாவை ஒரு கையால் அழுத்திப் பிடித்திருந்தான். ராகு காலம் பார்ப்பீர்களா என்று கேட்டாள்.

"கல்லுங்க. அது எந்தக் காலமும் பாக்காம வலிக்குது."

பெஞ்சு நிறைந்தது. சுவரோரம் கட்டிய நீளமான ஸ்டீல் பெஞ்சு. யாராவது தண்ணீர் பிடிக்க எழுந்தால் மற்றவர்கள் இடுப்பைத் தூக்காமலே வழுக்கிக்கொண்டு ஓர் இடம் முன்னால் வந்துவிடுவார்கள். எழுந்தவர் திரும்பி வந்து தன் இடத்தைக் கேட்டால், கடைசியைக் காட்டுவார்கள். யாரும் சொல்லிக்கொடுக்காத ஒழுங்கு அது. ரேஷன் கடையிலும் பார்த்திருக்கிறாள்.

டாக்டர் பெலிண்டா பாலக்கரை நெரிசலில் மாட்டிக்கொண்டதாகப் போன் செய்தார். அவர் வந்தபோது பத்தரை தாண்டியிருந்தது. அனுபமா ஒரு ரிப்போர்ட்டைக் கவரில் போட்டுக்கொண்டிருந்தாள். டிவியை நிமிர்ந்து பார்க்கவில்லை. உள்ளே பொத்தான் அழுத்தப்பட்டது. மேலே மணி அடித்தது.

"அனுபமா. அறை எண் இரண்டு."

பெண்குரல் நிதானமாக இரண்டு முறை சொன்னது. அவள் கை கவரிலேயே நின்றது.

யாரும் எழவில்லை. பெஞ்சில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அனுபமா யாருங்க?" என்று பிரவீன்ராஜ் கேட்டான். "இல்லன்னா நான் போறேன்."

பொன்னுத்தாய் மேஜைக்கு வந்தாள். அனுபமாவின் புடவையில் குத்தியிருந்த பெயர் அட்டையைக் கிட்டத்தில் குனிந்து, எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"நீங்கதானா?"

"அது தப்பா வந்துடுச்சுங்க."

"என்னங்க தப்பு? எம் மருமவளுக்கு முன்னாடி பேரே இல்லையே. மொதல்ல வந்தது நாங்க. எங்களை ராகு காலம்னு கடைசிக்குத் தள்ளி விட்டுட்டு, நீங்க நோவாம உள்ள போறீங்களா?"

"இல்லைங்க. எனக்கும் அதேதான் போட்டேன். ரெண்டு பேரும் கடைசிக்குப் போயிருக்கணும். எனக்கு மட்டும் எப்படி நின்னுதுன்னு தெரியல."

"தெரியாமத்தான் நிக்கும்" என்று பெஞ்சைப் பார்த்துச் சொன்னாள் பொன்னுத்தாய். பெஞ்சில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

அனுபமா வரிசையைத் திறந்தாள். பூஜ்யத்தில் அவள் பெயர்தான் இருந்தது. பக்கத்தில் 'ரா'வும் இருந்தது. கீழே எங்கோ கடைசியில் ஆனந்தவள்ளி. எடுத்துக் கடைசியில் சேர்க்கலாம். விரலை வைத்தாள். அதற்குள் அறைக் கதவு திறந்து டாக்டர் தலையை நீட்டினார். கையுறை போட்டிருந்தார்.

"அனுபமா, வா."

"டாக்டர், ராகு காலம்."

"எனக்குச் சாப்பாட்டுக் காலம் ஒண்ணுதான். அதுக்கு முன்னாடி இந்தக் கூட்டத்தை முடிக்கணும். வா."

"அடுத்தவங்களைக் கூப்பிடறேன்."

டாக்டர் கதவை இன்னும் விரியத் திறந்து பிடித்துக்கொண்டார். தமிழ்மணி பின்னாலிருந்து வந்து, அவள் நாற்காலியை மெல்ல இழுத்தாள்.

"நான் மேஜையப் பாத்துக்கறேன். போங்க. மெஷினே கூப்பிட்டுருச்சு, அப்புறம் என்ன" என்றாள். பிறகு குரலைத் தணித்து, "எனக்குத் தெரியாதுன்னா நெனச்சீங்க? தெனமும் கடைசிப் பேரு யாருதுன்னு நானுந்தான் பாக்கறேன்."

அனுபமா எழுந்து போனாள். கால்கள் நடந்தன, யாருடையவோ போல. கூப்பிட்டால் போகிறேன் என்று சொன்னது அவள்தான்.

அறை குளிர்ந்திருந்தது. தினமும் பத்துத் தடவை வந்துபோகும் அறை. படுத்தபிறகு அதன் கூரையை முதல் முறையாகப் பார்த்தாள். ஒரு மூலையில் தண்ணீர் கசிந்த பழுப்புக் கறை.

"தண்ணி குடிச்சியா?"

"இல்லை."

"பரவால்ல. கருவிய உள்ள வச்சுப் பாக்கலாம். காலை மடக்கிக்கோ. லூசா விடு."

அவள் கறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் பெயர் ஏன் நின்றது? இருவருக்கும் ஒரே குறி. ஒருத்தி போனாள், ஒருத்தி நின்றாள். கேள்வி மனதில் கூர்மையாக இருந்தது; அதைப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் ஏதோ கேட்டார், அவள் ஏதோ சொன்னாள். இருட்டான திரை டாக்டர் பக்கம் திரும்பியிருந்தது.

நிரல் நடக்கிறது. பெஞ்சின் முதல் இடத்துக்கு வருகிறது. ஆனந்தவள்ளி உட்கார்ந்திருக்கிறாள், குறி இருக்கிறது, எழுப்புகிறது. எழுப்பிய உடனே பெஞ்சில் எல்லோரும் வழுக்கிக்கொண்டு ஓர் இடம் முன்னால் வருகிறார்கள். இரண்டாவதாக இருந்த அனுபமா இப்போது முதல் இடத்தில். ஆனால் நிரல் முதல் இடத்தைப் பார்த்து முடித்துவிட்டது. அடுத்த இடத்துக்குக் காலை எடுத்து வைக்கிறது. அங்கே பிரவீன்ராஜ் விலாவைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். குறி இல்லை. மேலே போகிறது.

அது அவளைப் பார்க்கவே இல்லை. பக்கத்தில் ஒருவர் எழுந்து போனதும், அடுத்தவர் கண்ணில் படாமல் போய்விட்டார்.

டாக்டரின் பேச்சு நின்றிருந்தது.

அவளுக்கு அது கேட்டது. பேச்சு நிற்பது கேட்கக்கூடியதுதான். பொத்தான்களின் சத்தம். ஒன்று, பிறகு இடைவெளி, பிறகு இன்னொன்று. மனதுக்குள் அவள் பெஞ்சுக்கே திரும்பிப் போனாள். ஒருவரை எடுத்ததும் அடுத்த அடி வைக்கக் கூடாது. எடுத்த இடத்திலேயே நிற்க வேண்டும். அங்கே இப்போது வந்து உட்கார்ந்திருப்பவர் யார் என்று இன்னொரு முறை பார்க்க வேண்டும். அதன் பிறகுதான் நடக்கலாம். ஒரே வரி. ஹாலித் அந்த ஞாயிற்றுக்கிழமை இதைத்தான் சொல்லியிருப்பான், அவள் பாலத்தில் நின்றுகொண்டிருந்த அன்று.

"பாரு" என்றார் டாக்டர்.

திரை அவள் பக்கம் திரும்பியிருந்தது. சாம்பல் நிறத்தின் நடுவே ஒரு கருப்புக் குழி. அதன் ஓரத்தில் பயறு போல ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் நடுவில் ஒரு புள்ளி வேகமாக, மிக வேகமாக, வேறு எதையும் பொருட்படுத்தாமல் அடித்துக்கொண்டிருந்தது.

"தெரியுதா?"

"தெரியுது."

"உன் தேதிக்கு வளர்ச்சி சரியா இருக்கு. துடிப்பும் நல்லா இருக்கு."

"சரி டாக்டர்."

டாக்டர் கொஞ்ச நேரம் அவள் முகத்தைப் பார்த்தார். இந்த இடத்தில் எல்லோரும் ஏதாவது செய்வார்கள். அழுவார்கள், சாமி பெயர் சொல்வார்கள், டாக்டரின் கையைப் பிடிப்பார்கள். அனுபமாவுக்கு அது தெரியும். கதவுக்கு வெளியே இருந்து எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள். அவளுக்கு ஒன்றும் வரவில்லை. இருக்கிறது என்பது தெரிந்தது. தெரிந்தது என்பதோடு அது நின்றது.

"திரும்பப் பாக்கணும்னா சொல்லு. இன்னும் கொஞ்சம் வச்சிருக்கேன்" என்றார் டாக்டர்.

"வையுங்க."

பார்த்தாள். அது நிற்கவில்லை.

வெளியே வந்தபோது பெஞ்சு முழுவதும் அவளைத்தான் பார்த்தது. பிரவீன்ராஜின் பெயர் டிவியில் வந்தது. அவன் விலாவைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடினான். ஆனந்தவள்ளி முழங்கால்களை ஒட்டி வைத்து, முன்னால் வளைந்து உட்கார்ந்திருந்தாள். பொன்னுத்தாய் எழுந்து வந்தாள். இந்தமுறை குரலில் குத்தல் இல்லை.

"என்னாச்சும்மா?"

அனுபமா வாயைத் திறந்தாள். அந்தச் சொல்லை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை என்பது நினைவுக்கு வந்தது.

"துடிக்குதுங்க."

"நல்லா?"

"நல்லா துடிக்குதுங்க. பாத்தேன்."

பொன்னுத்தாய் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்றுகூட ஆகவில்லை. மருமகளைப் பார்த்தாள்.

"தாங்குவியாடி?"

"தாங்க மாட்டேன் அத்தே. சத்தியமா."

"இந்தம்மாவுக்கு ஒண்ணும் ஆவலியே" என்று பொன்னுத்தாய் தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போலச் சொன்னாள். கொஞ்சம் யோசித்தாள். "இவங்க ஒரு சோதனையா எங்களுக்கு முன்னாடி போயிட்டு வந்துட்டாங்கன்னு வச்சுக்குவோம். அடுத்து எங்களையே விட்டுடுங்க. உள்ள போறப்ப நான் மாரியாத்தாவ நெனச்சுக்கறேன்."

"உள்ள போறது நானு" என்றாள் ஆனந்தவள்ளி.

"நீ தண்ணிய நெனச்சுக்க."

தமிழ்மணி சிரித்து நாற்காலியை விட்டு எழுந்தாள். அனுபமா உட்கார்ந்து ஆனந்தவள்ளியைத் தேடினாள். கடைசியில் இருந்தாள். எடுத்துப் பூஜ்யத்தில் சேர்த்தாள். மற்ற எல்லோரும் ஓர் இடம் பின்னால் தள்ளிக்கொண்டார்கள். யாரும் முணுமுணுக்கவில்லை. அவளுடைய சொந்தப் பெயர் வரிசையில் எங்கும் இல்லை. உள்ளே போனதும் அது போய்விட்டது, அப்படித்தான் எழுதியிருந்தாள்.

நிரலைத் திறந்து அந்த ஒரு வரியைத் திருத்தினாள். எடுத்தால் அங்கேயே நில். பிறகு போனை எடுத்து, மருந்துக்கடைப் பக்கம் படியில் இறங்கி நின்றாள். வெயில் நன்றாக ஏறியிருந்தது.

முதல் மணியிலேயே ஸ்ரீரங்கராஜன் எடுத்தான். அவன் வேலை பார்க்கும் வங்கியில் வாடிக்கையாளர்களின் பேச்சு பின்னால் கேட்டது.

"என்னடி? இந்த நேரத்துல?"

"பாத்துட்டேன்."

நாற்காலி நகரும் சத்தம், நடக்கும் சத்தம், ஒரு கதவு மூடும் சத்தம். பின்னால் பேச்சு அடங்கியது.

"சொல்லு" என்றான்.

"துடிக்கறது. வளர்ச்சி சரியா இருக்காம்."

போனில் நீண்ட மூச்சு ஒன்று வந்தது; பாதியில் உடைந்தது. அவன் வாயை எதைக்கொண்டோ பொத்திக்கொண்டு அழுதான். போன வருஷமும் அவன் இப்படித்தான் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதான்; அவள் வெளியே நின்று கேட்டிருந்தாள். இப்போதும் கேட்டாள். தனக்கு வரும் என்று காத்திருக்கவில்லை.

"மத்தியானம் வரேளா?" என்றாள். "ஸ்கேன் படத்தை வாங்கி வச்சுருக்கேன். நீங்களும் ஒரு தடவை பாருங்கோ."

"வரேன். இப்பவே பர்மிஷன் சொல்லிட்டு வரேன்."

"ராகு காலம் போகட்டும்" என்றாள் அவள்.

அவன் அழுகையின் நடுவே சிரித்தான். அவள் சிரிக்கவில்லை, ஆனால் போனைக் காதிலிருந்து எடுக்கவும் இல்லை. உள்ளே மணி அடித்தது. ஆனந்தவள்ளி அறை எண் இரண்டுக்குப் போகலாம் என்று அந்தப் பெண்குரல் சொல்லிக்கொண்டிருந்தது.